வளைவில் நழுவும் கார்



கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது சில வேளைகளில் மாணவர்களே நமக்குப் பாடம் நடத்திவிடுகிறார்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனக்குப் பிடித்த விளையாட்டு' எனும் தலைப்பைக் கொடுத்திருந்தேன். காற்பந்து, பூப்பந்து, கபடி என்று வழக்கமாக வரும் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு மாணவன் கார்ப் பந்தயக் காணொளி விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தான். அதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

"வளைவு வரும்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. தொட்டுவிட்டு விட வேண்டும். அப்போது கார் நழுவும். நழுவும்போது வேகம் குறையாது."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, 'கருத்துப்பிழை' என்று ஓரத்தில் எழுதினேன். ஆறாம் ஆண்டுக்கு அறிவியலும் கற்பிப்பவன் நான். நழுவுகின்ற காரின் வேகம் குறையாது என்பதை எப்படி விட்டுவிட முடியும்?

ஓய்வு நேரத்தில் அவன் ஏட்டோடு வந்து நின்றான். "ஐயா, அந்த விளையாட்டுல அப்படித்தான் ஓட்டணும்" என்றான். சிரித்துக்கொண்டே அவனை அனுப்பிவிட்டேன். அந்தச் சிரிப்பில் சிறிது அலட்சியமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. மூத்த மகன், பதினேழு வயது, மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகும்போது தோட்டத்து வளைவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனும் என்னிடம் படித்தவன்தான். "ரெண்டு பேரும் எந்நேரமும் அந்தக் கார் விளையாட்டுதான் ஐயா. அதைப் பார்த்துதான் பெரியவன் இப்படி ஓட்டியிருக்கான். சின்னவனாவது தப்பிக்கணும். நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா கேட்பான்" என்றார்.

செமிலிங்கை அறியாதவர்களுக்காக ஒரு சொல். பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் ஜெராய் மலை தெரியும். முன்பு ரப்பர் மரங்களாக இருந்த பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்த பிறகு வண்டிகளின் போக்குவரத்து பெருகிவிட்டது. பழக்குலை ஏற்றிய லாரியும், மாணவர்களின் காரும், வேலைக்கு விரையும் இளைஞர்களின் மோட்டார்சைக்கிளும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. அந்தத் தாயின் அச்சம் காரணமற்றது அன்று.

ஆனால், 'விளையாடாதே' என்று சொல்ல நான் வாயெடுத்தபோது ஓர் உறுத்தல் ஏற்பட்டது. நான் அந்த விளையாட்டை ஒருமுறையேனும் விளையாடிப் பார்த்ததில்லை. படிக்காத நூலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றதல்லவா அது? "ஒரு வாரம் பொறுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

தவணை விடுமுறை வந்தது. அவன் தந்தையிடம் இசைவு பெற்று, என் மகனோடு அவனையும் சுங்கை பட்டாணிப் பேரங்காடி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். மேல்மாடியில் விளையாட்டுக் கருவிகளின் கூடம். காதைப் பிளக்கும் இரைச்சல். கார் இருக்கையைப் போன்ற இருக்கை, எதிரே திரை, கையில் திசைமாற்றி, காலடியில் இரண்டு மிதிகள். வில்லையைப் போட்டுவிட்டு அமர்ந்தேன்.

நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டுகிறேன். முதலில் ஒரு பழைய கஞ்சில், இப்போது மைவி. இதுவரை ஒரு சம்மான்கூட வாங்கியதில்லை. அந்தப் பெருமிதத்தோடு புறப்பட்டேன். முதல் வளைவு வந்தது. பழக்கத்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அவ்வளவுதான், எல்லாக் கார்களும் என்னைக் கடந்து போய்விட்டன. இரண்டாம் ஆட்டத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். சுவரில் போய் மோதினேன். தீப்பொறி பறந்தது, திசைமாற்றி கையில் உதறியது, கார் சுவரை உரசிக்கொண்டே மேலும் ஓடியது! ஒரு கீறலுக்குரிய தண்டனைகூட இல்லை. இரண்டு விநாடி பின்தங்கினேன், அவ்வளவே.

மூன்றாம் ஆட்டத்தின்போது அவன் என் தோளருகே வந்து நின்றான். "இப்ப மிதியை விடுங்க ஐயா. பிரேக்கைத் தொடுங்க. திருப்புங்க. இப்ப மறுபடியும் மிதிங்க!"

சொன்னபடி செய்தேன். காரின் பின்புறம் வெளிப்பக்கமாக விலகியது. முகப்பு வளைவின் உட்புறத்தை நோக்க, கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த திசைமாற்றி திடீரென எடையிழந்தது. 'போய்விட்டது' என்று நினைத்த அந்தக் கணத்தில், எதிர்ப்பக்கம் சிறிது திருப்பினால் கார் ஒரு சொடுக்கோடு நேராகிறது. வேகம் அப்படியே இருக்கிறது. அடிவயிற்றில் ஏதோ குழைந்தது. என்னையறியாமல் 'ஆ' என்று கத்திவிட்டேன். என் மகன் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தான்.

அந்த உணர்வு எனக்குப் புதிதன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. நான் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் லயத்துக்குப் பின்னால் பாக்கு மரங்கள் இருந்தன. மட்டை விழுந்ததும் அதற்குச் சண்டை நடக்கும். அகன்ற அடிப்பகுதியில் ஒருவன் அமர்ந்து காம்பைப் பிடித்துக்கொள்வான். ஓலைப் பக்கத்தைப் பிடித்து மற்றவன் இழுத்துக்கொண்டு ஓடுவான். நேராக இழுத்தால் சுவையில்லை. ஓடுகிறவன் திடீரென்று திரும்ப வேண்டும். அப்போது மட்டை அகலமாக வெளியே வீசும். அமர்ந்திருப்பவன் உட்பக்கமாகச் சாய வேண்டும். சாயத் தவறினால் புல்லில் உருள வேண்டியதுதான். உருண்டவன் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மீண்டும் மட்டையில் உட்காருவான். வளைவில் பிடி தளர்ந்து, பிறகு பிடி கிடைக்கும் அந்தக் கணத்துக்காகவே மாலை முழுவதும் இழுத்தோம். இன்று பிள்ளைகள் வில்லை போட்டு வாங்குவதும் அதே கணத்தைத்தான்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் இந்த உணர்வை அறிந்தேதான் செய்திருக்கிறார்கள். கார்ப் பந்தய விளையாட்டுகளில் பெரும்புகழ் பெற்ற முன்னோடி, ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'போல் பொசிஷன்'. 1986இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி உருவாக்கிய 'அவுட் ரன்' ஒரு திருப்பம். அதில் வெல்லப்பட வேண்டிய எதிராளி கடிகாரம்தான். திறந்த சிவப்புக் காரில் விரும்பிய பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும், எந்தப் பக்கம் போவது என்பது நம் விருப்பம். மோதினால் கார் குட்டிக்கரணம் அடிக்கும், உள்ளே இருப்பவர்கள் சாலையில் தூக்கியெறியப்படுவார்கள். அடுத்த சில விநாடிகளில் எல்லாரும் மீண்டும் காருக்குள் இருப்பார்கள். 1993இல் வந்த நாம்கோவின் 'ரிட்ஜ் ரேசர்' வளைவில் நழுவுவதையே விளையாட்டின் உயிராக்கியது. பிறகு சேகாவின் 'டேய்டோனா யுஎஸ்ஏ' வந்தது. கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து எட்டுப் பேர் வரை அருகருகே அமர்ந்து ஓட்டினார்கள். 2000ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு இளைஞர்கள் 'இனிஷியல் டி', 'வாங்கான் மிட்நைட்' ஆகியவற்றுக்கு முன்னால் வரிசை பிடித்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். தங்கள் காரின் விவரத்தை ஓர் அட்டையில் பதிந்து பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இப்போது 'அஸ்பால்ட்' போன்றவை கைப்பேசிக்கே வந்துவிட்டன.

இவற்றில் வேகம் அவ்வளவு மெய்யாகத் தோன்றுவது ஏன்? இதை எங்கள் ஊர்ச் சாலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது நமக்குத் தூக்கம் வருகிறது. தோட்டத்து மண்சாலையில் மோட்டார்சைக்கிளில் 40இல் போனாலே வேகமாகத் தோன்றுகிறது. காரணம், அருகில் இருக்கும் பொருள்கள். செம்பனை மரங்களை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மரங்கள் நம்மைக் கடக்கின்றன. கண் அந்த மரங்களை எண்ணித்தான் வேகத்தை அளக்கிறது. விளையாட்டைச் செய்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சாலையோரத்தில் கம்பங்களையும் தடுப்புகளையும் நெருக்கமாக நிறுத்துகிறார்கள். பார்வையைத் தரைக்கு அருகில் தாழ்த்துகிறார்கள். வேகம் கூடும்போது காட்சியை விரித்து, ஓரங்களை மங்கலாக்குகிறார்கள். இயந்திரத்தின் ஒலியை உயர்த்துகிறார்கள். நாம் அசையாமல் உட்கார்ந்திருக்க, கண்ணும் காதும் நம்மைத் தூக்கிக்கொண்டு போகின்றன.

இன்னொரு தந்திரமும் பல விளையாட்டுகளில் உண்டு. நாம் பின்தங்கினால் முன்னால் போகும் கணினிக் கார்கள் மெல்ல வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் முந்திவிட்டால் பின்னால் வருபவை விரைந்து நெருங்கும். ரப்பர் பட்டையால் கட்டியதைப் போல எல்லாரும் ஒருவருக்கொருவர் அருகிலேயே இருப்பார்கள். தேறாத பிள்ளைக்கும் 'இன்னும் சிறிது முயன்றால் பிடித்துவிடலாம்' என்ற எண்ணம் அணையாது. ஆசிரியர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் கணிதத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை நான் கொடுத்திருக்கிறேனா? அவன் தவறினால் அடுத்த நொடியே மீண்டும் தொடங்க இடம் உண்டா? அல்லது சிவப்பு மையோடு அவன் ஆட்டம் முடிந்துவிடுகிறதா?

ஆகவே, பிள்ளைகள் அங்கே போய் உட்காருவதில் வியப்பில்லை. அந்த உலகம் அவர்களை மன்னிக்கிறது. அதன் இன்பமும் அதுவே. அதன் குறையும் அதுவே.

ஏனெனில் சாலை மன்னிப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகிறது. நல்ல டயரோடு காய்ந்த தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கலாம். 80இல் போனால் ஏறத்தாழ 36 மீட்டர் வேண்டும். மூளை ஆபத்தை உணர்ந்து காலுக்குச் சொல்ல ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு விநாடியிலேயே மேலும் 22 மீட்டர் ஓடியிருக்கும். வளைவிலும் இதே கணக்குதான். இரு மடங்கு வேகத்தில் அதே வளைவைத் திரும்ப டயருக்கு நான்கு மடங்கு பிடி தேவை. அந்தப் பிடி இல்லையென்றால் வண்டி வளையாது, நேராகப் போகும். காரையேனும் நான்கு சக்கரங்கள் தாங்குகின்றன. மோட்டார்சைக்கிள் நழுவினால் சாய்வதைத் தவிர வேறு வழியில்லை. நம் தமிழர்களில் ஃபார்முலா ஒன் பந்தயம் வரை சென்றவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் நம் சிப்பாங் களத்திலும் ஓட்டினார். அத்தகைய பந்தய ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்னரே பிரேக்கை முழு வலுவோடு அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். என் மாணவன் எழுதியதற்கு நேர்மாறானது அது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூத்தவன் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான். உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கேட்டேன். தாயார் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலை வேலை ஐயா. நேரமாயிடுச்சு. ராத்திரி மழை. வளைவுல மண் அடிச்சிட்டு வந்திருந்துச்சு. பிரேக்கைத் தொட்டதும் பின்சக்கரம் போயிடுச்சு."

"விளையாட்டில் ஓட்டுவதுபோல் ஓட்டினாயா?"

சிறிது நேரம் யோசித்தான். "இல்லை ஐயா. அப்ப அதெல்லாம் ஞாபகமே வரல. டயரு மொட்டை. மாத்தணும்னு ரெண்டு மாசமா நினைச்சேன். சம்பளம் வரட்டும்னு இருந்தேன்."

தாயார் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில் தம்பியின் பள்ளிச் செலவும் அடங்கியிருந்தது என்பதை நானும் அறிவேன்.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு அறிவியலில் அவனுக்கு உராய்வைப் பற்றிக் கற்பித்தவன் நான்தான். மரக்கட்டையைக் கண்ணாடித் தாளின்மேலும் மணல்தாளின்மேலும் இழுத்துக் காட்டினேன். 'டயர்களில் பள்ளங்கள் இருப்பது ஏன்?' என்ற கேள்வியைத் தேர்விலும் கேட்டேன். 'உராய்வைக் கூட்டுவதற்கு' என்று அவன் சரியாக எழுதினான். நானும் இரண்டு புள்ளி கொடுத்தேன். விடை சரி. ஆனால் அந்த விடை மரக்கட்டையோடும் தேர்வுத் தாளோடும் நின்றுவிட்டது. அவனுடைய மோட்டார்சைக்கிளின் பின்சக்கரம் வரை அது போய்ச் சேரவில்லை. பள்ளிக்கு வெளியே நின்றிருந்த ஒரு வண்டியின் டயரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல எனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

டயர் வாங்கப் பணம் இல்லாதது அவன் பிழையன்று. ஆனால் மொட்டை டயரோடு ஈரமண்ணில் போகும்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்திருக்கலாம். அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியது விளையாட்டுக் கருவி அன்று. நான்தான்.

தாயாரிடம் இதையே சொன்னேன். "விளையாட்டு அவனைத் தள்ளிவிடலம்மா. ஆனா காப்பாத்தவும் கத்துத் தரல. கத்துத் தர வேண்டியது நாங்க." சின்னவனுக்கு விளையாட்டு நேரத்தை வார இறுதியில் ஒரு மணி நேரமாகக் குறைக்கும்படியும், சில நேரம் அருகில் அமர்ந்து 'இது உண்மையில் நடக்குமா?' என்று கேட்கும்படியும் கேட்டுக்கொண்டேன். "எனக்கு என்ன ஐயா தெரியும்?" என்றார். "தெரியாட்டியும் பரவாயில்லை. கேளுங்க. அவன் சொல்லுவான்" என்றேன்.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு உராய்வுப் பாடத்தைத் திடலில் நடத்தினேன். ஐந்தாம் ஆண்டிலிருந்து அவனையும் வரவழைத்தேன். முதலில் பாக்கு மட்டை. காய்ந்த புல்லில் இழுத்தோம், பிறகு தண்ணீர் தெளித்து இழுத்தோம். வளைவில் எவ்வளவு தூரம் வெளியே வீசுகிறது என்பதைக் காலடியால் அளந்தோம். மெதுவாக ஓடி ஒருமுறை, விரைந்து ஓடி ஒருமுறை. ஈரப்புல்லில் விரைந்தபோது உருளாதவர் யாருமில்லை. பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். ஆசிரியர்களின் வாகனங்களில் ஒவ்வொரு டயரையும் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்த்தார்கள். என் மைவியின் பின்டயர் இரண்டும் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தது அவன்தான். "ஐயா, இது மொட்டை" என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தான். அந்த வாரமே மாற்றினேன்.

அவனுடைய கட்டுரை ஏட்டையும் திரும்ப வாங்கினேன். 'கருத்துப்பிழை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'விளையாட்டில் சரி. சாலையில் ஏன் சரியாகாது? அடுத்த பத்தியில் விளக்குக' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அரைப்பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அதில் அண்ணனின் டயர் இருந்தது, இரவு மழை இருந்தது, வளைவில் சேர்ந்த மண் இருந்தது. கடைசி வரியில், அண்ணனுக்குக் கட்டுப் பிரித்ததும் தானே அவனைச் சுங்கை பட்டாணிக்கு அழைத்துப் போய், கருவியில் தோற்கடிக்கப் போவதாக எழுதியிருந்தான்.

இம்முறை அடிக்கோடு இடவில்லை. புள்ளி மட்டும் போட்டேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்பதை ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். முடிந்தால் நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தோற்றுப்போவீர்கள், பரவாயில்லை. பிறகு வாசலில் நிற்கும் மோட்டார்சைக்கிளின் டயரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.